உளுந்து இறக்குமதியைக் குறைத்தால் என்ன மிஞ்சும்? நான்கு கணக்குகள், ஒரு முடிவு

தாராவியில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் கிரைண்டர்கள் ஓடத் தொடங்கிவிடும். மறுநாள் காலை அலுமினியப் பாத்திரங்களில் மும்பைத் தெருக்களுக்குப் போகிற இட்லிக்கு அப்போதுதான் மாவு ஆட்டுவார்கள். போன மாதம் அப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சுவரோரம் இரண்டு உளுந்து மூட்டைகள்: ஒன்று பர்மாவிலிருந்து வந்தது, இன்னொன்று மராட்டிய உளுந்து. அந்த வீட்டு அக்கா ஊறிய பருப்பு ஒன்றை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். "இது பழசு. ரொம்பக் காணாது" என்றார். ஒரு படிக்கு வழக்கமாகக் கிடைக்கிற மாவு இதில் கிடைக்காது என்று அர்த்தம். பிறகு அடுத்த மூட்டையிலிருந்து பாதி அள்ளிக் கலந்தார்.

அவர் மகன் பொருளாதாரத்தில் முதுகலை இறுதியாண்டு. ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது: உளுந்து இறக்குமதிக்குப் பதிலாக உள்நாட்டு உளுந்து வந்தால் நாட்டின் வர்த்தகக் கணக்கு எவ்வளவு மாறும்? எந்த மாடலில் கணக்குப் போடுவது என்பதுதான் முடிவாகவில்லை. வழிகாட்டி நான்கு வழிகளைச் சொல்லி, இரண்டு வாரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரச் சொல்லியிருக்கிறார். "அண்ணே, நீங்க இந்த வேலையில்தானே இருக்கீங்க, எது சரி?" என்று கேட்டான். பதினான்கு வருடமாகத் தானிய விலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறந்தது மன்னார்குடிப் பக்கம், உளுந்து விதைக்கிற குடும்பம். அதனால் அவனுக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் வழி வரவு செலவுக் கணக்கு. உற்பத்தி, அதோடு இறக்குமதி, அதில் ஏற்றுமதியையும் இருப்பில் சேர்ந்ததையும் கழித்தால் உபயோகம். அரசின் இலக்குகள் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வெளியாகின்றன. 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற எண்ணெய்வித்துத் திட்டம், 2022-23இல் 390 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தியை 2030-31க்குள் 697 லட்சம் டன்னாக்கி, சமையல் எண்ணெய்த் தேவையில் 72 சதவீதத்தை உள்நாட்டிலேயே ஈடுகட்டுவோம் என்கிறது. 2025 அக்டோபரில் வந்த பருப்புத் தற்சார்புத் திட்டம் 11,440 கோடி ரூபாயில் 350 லட்சம் டன் என்கிறது. இரண்டும் தேவையான இலக்குகள். ஆனால் இந்தக் கணக்கில் விலை என்ற ஒன்றே கிடையாது. உள்நாட்டில் ஒரு டன் கூடினால் இறக்குமதியில் ஒரு டன் குறையும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

அது அப்படி நடக்காது என்பதைத் துவரையில் பார்த்தோம். 2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்து விவசாயிகள் விதைத்தார்கள். 2016-17இல் பருப்பு வகைகளின் உற்பத்தி 230 லட்சம் டன்னைத் தாண்டியது. அதே ஆண்டில் 66 லட்சம் டன் இறக்குமதியும் வந்தது. துவரை விலை, அரசு அறிவித்த ஆதரவு விலைக்குக் கீழே விழுந்தது. 2017 ஆகஸ்டில் துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. உற்பத்தி கூடினால் இறக்குமதி தானாக வெளியே போய்விடாது. விலையின் வழியாகத்தான் போகும். எனவே வரவு செலவுக் கணக்கை எண்களைச் சரிபார்க்க வைத்துக்கொள், அதிலிருந்து முடிவுக்குப் போகாதே என்றேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் பகுதிச் சமநிலை மாடல்கள். ஒரு பொருளின் சந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, விலை மாறினால் விளைச்சலும் வாங்குவதும் எப்படி மாறும் என்று பார்ப்பவை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வேறுபாடுதான், ஆனால் விடையே அதில்தான் புரள்கிறது. இரண்டாவது வழியில் பர்மா உளுந்தும் நம் உளுந்தும் ஒரே பொருள். விலை ஒரு பைசா குறைந்தாலும் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மூன்றாவது வழி 1969இல் பொருளாதார அறிஞர் பால் ஆர்மிங்டன் முன்வைத்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் விளைந்த நாடு வேறானால் வாங்குபவருக்கு அது கொஞ்சம் வேறு பொருள். எவ்வளவு வேறு என்பதை ஓர் எண்ணால் குறிக்கிறோம். அதுதான் பதிலீட்டு நெகிழ்ச்சி. இரண்டுக்கும் உள்ள விலை விகிதம் ஒரு சதவீதம் நகர்ந்தால், வாங்கும் அளவுகளின் விகிதம் எத்தனை சதவீதம் நகரும் என்பது அதன் பொருள்.

தாராவி அக்கா பாதிக்குப் பாதி கலந்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பொருளாக இருந்தால் அவர் கலக்க வேண்டியதே இல்லை, மலிவானதை மட்டும் போட்டுவிடலாம். "கிலோவுக்கு எத்தனை ரூபாய் வித்தியாசம் வந்தா முழுசா ஒண்ணுக்கே மாறுவீங்க?" என்று கேட்டேன். "அஞ்சு ரூபான்னா கொஞ்சம் கூட்டிப் போடுவேன். பத்தைத் தாண்டினா யோசிப்பேன். ஆனா முழுசா மாற மாட்டேன், இட்லி கல்லாப் போனா நாளைக்கு யார் வாங்குவா?" என்றார்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காட்ட அவன் நோட்டிலேயே ஒரு கணக்குப் போட்டோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்களே வைத்துக்கொண்டவை. உபயோகம் 100, அதில் உள்நாடு 80, இறக்குமதி 20. விலை 10 சதவீதம் ஏறினால் உள்நாட்டு விளைச்சல் 3 சதவீதம் கூடும், உபயோகம் 4 சதவீதம் குறையும். இறக்குமதிக்கு 20 சதவீத வரி போடுகிறோம்.

இரண்டும் ஒரே பொருள் என்று வைத்தால், உள்நாட்டு விலையும் முழுசாக 20 சதவீதம் ஏறுகிறது. விளைச்சல் 84.8 ஆகிறது, உபயோகம் 92க்கு இறங்குகிறது. இறக்குமதி 20இலிருந்து 7.2க்கு வந்துவிடுகிறது. அமைச்சகத்தில் யாராவது இந்த எண்ணைப் பார்த்தால் வரி போடச் சொல்லிவிடுவார்கள். பதிலீட்டு நெகிழ்ச்சியை 5 என்று வைத்தால் இறக்குமதி 12இல் நிற்கிறது. 2 என்று வைத்தால் 15இல் நிற்கிறது. உள்நாட்டு விலை 6 சதவீதம்தான் ஏறுகிறது, விளைச்சல் 2 சதவீதம்கூடக் கூடவில்லை. அதே வரி, அதே நாடு, அதே விவசாயி. ஏழா, பன்னிரண்டா, பதினைந்தா என்பதை அந்த ஓர் எண்தான் முடிவு செய்கிறது.

என்னைப் பல வருடமாக உறுத்துவது இதற்கும் அடுத்த வரி. ஒரே பொருள் என்ற கணக்கில் இறக்குமதி 12.8 குறைந்தது. அதில் உள்நாட்டு விளைச்சல் ஈடுகட்டியது 4.8தான். மிச்சம் 8, மக்கள் சாப்பிடாமல் விட்டது. மற்ற இரண்டிலும் கதை இதேதான்: குறைந்த இறக்குமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் விவசாயி நிரப்புகிறார், மூன்றில் இரண்டு பங்கு தட்டிலிருந்து போகிறது. வர்த்தகப் பற்றாக்குறை குறைந்தது என்று அறிக்கை வரும். அது வயலிலிருந்து வந்ததா, தட்டிலிருந்து வந்ததா என்று அறிக்கையில் இருக்காது. பருப்புதான் ஏழை வீட்டின் புரதம். இந்தப் பிரிவினையைத் தனி வரியாகக் காட்டாத எந்த மாடலையும் நான் ஏற்க மாட்டேன். தம்பியிடமும் அழுத்திச் சொன்னது இதைத்தான்: உன் முதல் அட்டவணையில் இறக்குமதிக் குறைவுக்குப் பக்கத்திலேயே "இதில் விளைச்சல் எவ்வளவு, உபயோகக் குறைவு எவ்வளவு" என்று இரண்டு கட்டம் போடு.

மாணவர்கள் வழக்கமாகச் செய்கிற ஒரு தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வர்த்தகக் கணக்குக்கு வரி சேர்ந்த விலையைப் போடக் கூடாது. வரி நம் கஜானாவுக்கு வருகிறது, ரங்கூனுக்குப் போகிற டாலர் வரியில்லாத விலைக்குத்தான்.

அந்த டாலர் விலையும் அப்படியே நிற்காது. பாடப்புத்தகம் இந்தியாவைச் சிறிய நாடாக வைத்துக்கொள்ளச் சொல்லும். நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உலக விலை அசையாது என்று. கோதுமைக்கு வேண்டுமானால் பொருந்தலாம். உளுந்துக்குப் பொருந்தாது. மியான்மர் விளைவிக்கிற உளுந்துக்கு இந்தியாவை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேறு சந்தை இல்லை. அதனால்தான் 2021இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்து ஆண்டு ஒப்பந்தமே போட்டார்கள். நாம் வரி போட்டால் ரங்கூன் வியாபாரி விலையை இறக்கித்தான் விற்பார். இங்கே வந்திறங்கும் விலை 20க்குப் பதில் 10 சதவீதம்தான் ஏறியது என்றால், அங்கே விலை 8 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்கிறது என்று பொருள். நெகிழ்ச்சி 2 என்ற கணக்கில் இறக்குமதி அளவு 13 சதவீதம்தான் குறையும், ஆனால் டாலர் செலவு 20 சதவீதம் குறையும். தட்டில் விழும் அடியும் பாதியாகிவிடும். விற்கிற பக்கத்துக்கும் ஒரு நெகிழ்ச்சி எண் கொடுக்க மாடலில் இடம் இருக்க வேண்டும்.

நான்காவது வழி பொதுச் சமநிலை மாடல். ஒரு பொருளை மட்டும் பார்க்காமல் நிலம், கூலி, உரம், அந்நியச் செலாவணி, மற்றப் பயிர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பது. பெரிய ஆய்வு நிறுவனங்களில் இதைச் செய்கிறார்கள், இதற்கு மரியாதையும் அதிகம். உண்மையிலேயே இதனால் மட்டும் பிடிக்க முடிகிற விஷயங்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் காரீப் என்கிற மழைக்காலப் பருவத்தில் உளுந்துப் பரப்பு கூடினால் அந்த நிலம் பெரும்பாலும் சோயாவிலிருந்து வரும். சோயா குறைந்தால் எண்ணெய் குறையும், புண்ணாக்கு ஏற்றுமதியும் குறையும். நூறு கிலோ சோயாவில் எண்ணெய் சுமார் 18 கிலோதான், மிச்சம் பெரும்பாலும் புண்ணாக்கு. உளுந்தில் மிச்சப்படுத்திய டாலர் பாமாயிலில் வெளியே போய்விடலாம். ஒரு பயிரின் வர்த்தகக் கணக்கைத் தனியாகப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆனாலும் தம்பிக்கு இதை வேண்டாம் என்றேன். உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஜிடாப் தரவுத் தொகுப்பில் மொத்தப் பொருளாதாரமும் 65 துறைகளாக அடங்குகிறது. அதில் பருப்புக்குத் தனி இடம் கிடையாது. காய்கறி, பழம், கொட்டை வகைகளோடு ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறார்கள். அங்கே உளுந்துக்கு வரி போடுவதும் மாம்பழத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் சேர்த்து வரி போடுவதும் ஒன்றுதான். உளுந்தைப் பிரித்தெடுக்கலாம், ஆனால் அதற்கே ஆறு மாதம் போய்விடும். பிரித்த பிறகும் பதிலீட்டு நெகிழ்ச்சியை எங்கிருந்தோ கடன் வாங்கித்தான் போட வேண்டும். மாடல் பெரிதாகப் பெரிதாக, விடையைத் தீர்மானிக்கிற அந்த ஓர் எண் உள்ளே எங்கேயோ புதைந்துபோகிறது. நூறு சமன்பாட்டுக்கு அடியில் யாரோ எந்த நாட்டுக்கோ போட்ட எண் இருப்பதைவிட, பத்துச் சமன்பாட்டின் மேல் நாமே தேடிப் பிடித்த எண் இருப்பது நல்லது. நிலப் போட்டியைப் பிடிக்க சோயாவை இரண்டாவது பயிராகச் சேர்த்துக்கொண்டால் இந்த ஆய்வுக்குப் போதும்.

அப்படியானால் ஆர்மிங்டன்தான் எப்போதும் சரியா? அதுவும் இல்லை. பாமாயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவில் ஆட்டிய கச்சாப் பாமாயிலும் இந்தோனேசியாவிலிருந்து வந்த கச்சாப் பாமாயிலும் சுத்திகரிப்பு ஆலைக்கு ஒரே பொருள். அங்கே இரண்டாவது வழியே போதும், ஆர்மிங்டன் போட்டால்தான் தப்பான விடை வரும். பாமாயிலில் வேறு சிக்கல் இருக்கிறது, அது காலம். எண்ணெய்ப் பனைக் கன்று நட்டு மூன்று நான்கு ஆண்டுக்குப் பிறகுதான் குலை வெட்ட முடியும். வரியோ அதுவரை நிலையாக நிற்பதில்லை. கச்சாப் பாமாயிலுக்கு மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதமாக இருந்தது, 2024 செப்டம்பரில் 27.5 ஆனது, 2025 மே இறுதியில் 16.5க்கு இறங்கியது. இன்று கன்று நடுகிறவர் எந்த வரியை நம்பி நடுவார்? அந்தக் கேள்விக்கு ஆண்டுகளை வரிசையாக ஓடவிடுகிற மாடல் வேண்டும். கடலை எண்ணெயும் பாமாயிலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாற்று என்பது இன்னொரு கேள்வி, அதற்கு மறுபடி ஆர்மிங்டன் போன்ற ஒன்றுதான் வேண்டும். பொருளைப் பார்த்துத்தான் மாடலைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இதுவரை வரியைப் பற்றிப் பேசினேன். விளைச்சலைக் கூட்டினால்? என் மனம் எப்போதும் இந்தப் பக்கம்தான் சாயும், ஆனால் கணக்கு எனக்கே ஒரு பாடம் சொன்னது. அதே 80-20 சந்தையில் நல்ல விதையால் விளைச்சல் 5 சதவீதம் கூடுகிறது என்று வைப்போம். ஒரே பொருள் என்ற மாடலில் விலை அசைவதில்லை. இறக்குமதி 20இலிருந்து 16 ஆகிறது, யார் தட்டும் குறையவில்லை, விவசாயி வருமானம் 5 சதவீதம் கூடுகிறது. எல்லோருக்கும் நன்மை. நெகிழ்ச்சி 2 உள்ள ஆர்மிங்டனில் கூடுதலாக வந்த உளுந்து பர்மா உளுந்தின் இடத்தை அவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடிவதில்லை. உள்நாட்டு விலை ஏறக்குறைய 5 சதவீதம் விழுகிறது. விலை விழுந்ததால் விளைச்சல் கூடுவதும் 3.5 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இறக்குமதி 18.7தான். விவசாயியின் மொத்த வருமானம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அதிகமாக விளைவித்ததற்குத் தண்டனை.

ஒரு மாடலில் லாபம், இன்னொன்றில் நஷ்டம். விதைத் திட்டத்தோடு கொள்முதலும் சேர்ந்து வர வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே பொருள் மாடல் தேவையில்லை என்கிறது, ஆர்மிங்டன் கட்டாயம் வேண்டும் என்கிறது. புதிய பருப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்குத் துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் ஆதரவு விலையில் முழுவதுமாகக் கொள்முதல் செய்வதாகச் சொல்லியிருப்பதை நான் முக்கியமாக நினைப்பது இதனால்தான். 2025-26இல் உளுந்துக்கு அந்த விலை குவிண்டால் 7,800 ரூபாய். சொன்னபடி வாங்கினால் அந்தத் திட்டத்துக்கு உயிர் உண்டு. வாங்காவிட்டால் மேலே போட்ட கணக்குதான் நடக்கும்.

எங்கள் ஊர் உளுந்துக்கு இதில் தனி இடம் உண்டு. டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்போம். தண்ணீர் பாய்ச்சுவது இல்லை, பனியிலும் மண் ஈரத்திலும் வளரும். இந்த உளுந்து பெரும்பாலும் எந்தப் பயிரின் நிலத்தையும் பிடுங்குவதில்லை, சோயா கதை இங்கே கிடையாது. ஆனால் இப்போது அறுவடை இயந்திரம் இறங்கி முளைத்த செடிகளை மிதித்துவிடுகிறது. என் பெரியப்பா தெளிப்பதையே நிறுத்திவிட்டார். விலை எவ்வளவு ஏறினாலும் இயந்திரத் தடத்தில் செடி பிழைக்காது. மேலும் எங்கள் உளுந்து களத்துக்கு வருவது பங்குனி வாக்கில், பர்மாவில் அறுவடை முடிந்து கப்பல்கள் வருகிற அதே சமயம். ஆண்டு சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த மோதல் மறைந்துபோகும். ஆகவே விளைச்சலுக்கு ஒரே சமன்பாடு போதாது; வடக்கே காரீபுக்கு ஒன்று, தெற்கே நெல்லுக்குள் தெளிக்கிற நெல் தரிசு உளுந்துக்கு ஒன்று, இரண்டும் மாதக் கணக்கில்.

கடைசியில் தம்பி எடுத்த முடிவு இது: உளுந்தும் சோயாவும் உள்ள ஆர்மிங்டன் பகுதிச் சமநிலை மாடல், எக்செல்லிலேயே. தேசியத் தரவு கிடைக்கும் இடங்களும் அவனுக்குத் தெரியும். இறக்குமதிக்கு மத்திய அரசின் வர்த்தகப் புள்ளிவிவர அமைப்பான டிஜிசிஐஎஸ், மண்டி விலைக்கும் வரத்துக்கும் அரசின் அக்மார்க்நெட் இணையதளம். ஒன்றை மட்டும் எச்சரித்தேன்: சர்வதேசத் தரவில் பொருள்களுக்கான ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டை எடுத்தால் உளுந்தும் பாசிப்பயறும் ஒன்றாகத்தான் வரும். எட்டு இலக்க இந்தியக் குறியீட்டுக்குப் போனால்தான் உளுந்து தனியாகக் கிடைக்கும். மாடல் நிற்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் கையிலேயே இருக்கின்றன: 2017 ஆகஸ்டில் உச்சவரம்பால் இறக்குமதிக் கதவு மூடியது, 2021 மே மாதத்தில் மறுபடி திறந்தது. 2017க்கு முந்தைய தரவை மட்டும் கொடுத்து, அடுத்து நடந்ததை மாடல் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் நெகிழ்ச்சி எண் தப்பு.

அந்த எண்ணுக்கு அவன் நூலகத்துக்குப் போகப் போவதில்லை. தாராவியில் உளுந்து வாங்குகிற நாற்பது வீடுகளில் தாயிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்கப் போகிறான், பிறகு நவி மும்பையின் துர்பே தானியச் சந்தையில் மொத்த வியாபாரிகளிடம். விலை வித்தியாசம் இரண்டு ரூபாயில் எத்தனை கிலோ எது, ஐந்தில் எது, பத்தில் எது என்று கட்டம் போட்ட தாள் தயார். முதல் வரிசையை அன்றைக்கே, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அம்மாவிடம் கேட்டு நிரப்பினான். இரண்டு ரூபாய்: பாதிக்குப் பாதி. ஐந்து: ஏழுக்கு மூன்று. பத்து: எட்டுக்கு இரண்டு. "பதினஞ்சுன்னா?" என்று கேட்டான். அக்கா மாவை வழித்துக்கொண்டே, "அப்பவும் ரெண்டு இருக்கும்டா" என்றார்.